நடமாடும் மலசலகூடமும் நடமாடாத தண்ணீரும்

தலைப்பைப் பார்த்து முகஞ்சுளிக்கும் வாசகர்கள் இருப்பர் என்பதை அறிவேன். போரையும் பேச்சுவார்த்தையையும் எழுதிய கை, இந்த வயதில் ஏன் மலசலகூடத்தைப் பற்றி எழுதப் புறப்பட்டது என்று கேட்பவர்களும் இருப்பர். வன்னியைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றை எடைபோட்டால் பல தொன் தேறும். அந்த மக்கள் நாளொன்றுக்குப் பலமுறை போகவேண்டிய இடத்தைப் பற்றி எழுதப்பட்டதோ ஒரு கையளவும் இராது. ஆகவே எழுதுகிறேன்.

நடமாடும் மலசலகூடம் என்பது புலம்பெயர்ந்த வாசகர்களுக்குப் புதிதன்று. ஐரோப்பாவிலும் கனடாவிலும் விடுமுறைக்குக் காரவன் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அதனை நன்கறிவர். ஊர்தியோடு சேர்ந்தே வரும் சிறு அறை. அதில் ஓர் இருக்கை. பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி. பொத்தானை அழுத்தினால் 12 வோல்ற் பற்றரியில் ஓடும் குட்டிப் பம்பி தண்ணீரை அடித்துக் கழுவிவிடும். கழிவு கீழேயுள்ள பெட்டிக்குள் விழும். வன்னியில் நாம் காண்பது இதன் ஏழைத் தம்பி. உழவு இயந்திரமோ பாரஊர்தியோ இழுத்துவரும் பெட்டியில் நான்கு அல்லது ஆறு அறைகள். கூரையில் ஒரு பிளாஸ்ரிக் தாங்கி. அடியில் கழிவுத் தாங்கி. பெருங்கூட்டம் கூடும் நாட்களுக்கென்றே செய்யப்பட்ட வண்டி. அத்தகைய நாட்கள் வன்னிக்குக் குறைவில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கல் உண்டு. புதூர் நாகதம்பிரான் பொங்கல் உண்டு. மன்னார் மாவட்டத்தில் என்றாலும் வன்னிக் காட்டுக்குள்ளேயே இருக்கும் மடுமாதாவின் ஆவணித் திருவிழா உண்டு. ஒருசில நாட்களுக்கு ஒரு நகரமே வந்து இறங்கிவிட்டுப் போகிறது.

அப்படியான கூட்டமொன்றில் இத்தகைய வண்டியொன்று நண்பகலுக்கு முன்பே பூட்டப்பட்டதைப் பார்த்தேன். எந்த ஊர், எந்தச் சபை என்பது இங்கு தேவையில்லை. ஓரிடத்துக்கு மட்டுமுரிய குறையன்று இது. வாசலில் பெண்களும் குழந்தைகளும் நின்றுகொண்டிருந்தனர். தண்ணீர் தீர்ந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர். பவுசருக்குத் தொலைபேசி எடுக்கப்பட்டது. அதற்குள் ஏணி வைத்து மேலே ஏறிய இளைஞர் ஒருவர் தாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, தண்ணி இருக்கு. வருதில்லை," என்றார். கீழே இறங்கி, குழாயின் முதல் மூட்டைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். வெள்ளைச் சோறு போலப் பொருக்குகள் விழுந்தன. அவற்றோடு பாசி, ஓர் இறந்த பல்லி. அந்தத் தாங்கியில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் இருந்தது.

இந்த வெள்ளைப் பொருக்குதான் இந்தப் பத்தியின் கதாநாயகன். வன்னியின் நிலத்தடி நீர் பல இடங்களில் வன்னீர். (பெயரிலேயே இருக்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்; சொல்லாராய்ச்சியாளர்கள் என்மீது பாயவேண்டாம்.) வடக்கேயும் கரையோரமாகவும் சுண்ணக்கல், வவுனியாப் பக்கம் கருங்கற்பாறை. பாறை மாறினாலும் கிணற்றுநீரின் வன்மை போதியளவு குறைவதில்லை. இலங்கைத் தரநிர்ணயம் குடிநீருக்கு அனுமதிக்கும் மொத்த வன்மை லீற்றருக்கு 250 மில்லிகிராம். இதனைத் தாண்டும் கிணறுகள் மூன்று மாவட்டங்களிலும் உண்டு. கேத்திலின் அடியில் படியும் கல்லைக் கண்ட எந்த இல்லத்தரசிக்கும் ஆய்வுகூட அறிக்கை வேண்டியதில்லை.

கேத்திலில் நடப்பதே கூரைத் தாங்கியிலும் நடக்கிறது. நீரில் கரைந்துள்ள கல்சியம், அதனோடு கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறும்போது சுண்ணமாக வீழ்படிகிறது. பெரும்பாலான உப்புகளைப் போலன்றி, இந்தச் சுண்ணம் நீர் சூடாகச் சூடாகக் குறைவாகவே கரையும். சித்திரை வெயிலில் கறுத்தப் பிளாஸ்ரிக் தாங்கியை வெட்டவெளியில் நிறுத்திவைத்தால் அது மெதுவாகக் கொதிக்கும் கேத்திலன்றி வேறென்ன? திருவிழா முடிந்ததும் வண்டியைக் கொண்டுபோய்ச் சபையின் முற்றத்தில் விடுகிறார்கள். அடியில் கொஞ்சத் தண்ணீர் மிஞ்சியிருக்கும். அது மாதக்கணக்கில் வற்றி, இருந்த உப்பையெல்லாம் விட்டுச் செல்கிறது. மூடி சரியாக மூடப்படாவிட்டால் நுளம்பும் குடியேறும். டெங்கு எங்கிருந்து வருகிறது என்று வீடு வீடாகச் சோதனைக்குப் போகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தம் சபை முற்றத்தையும் ஒருமுறை எட்டிப்பார்த்தல் நலம்.

வற்றாப்பளையில் கடல்நீரில் விளக்கெரியும். சிலாவத்தைக் கடலில் அள்ளிவரும் நீரில் அந்த விளக்கு எரிவது அம்மன் அருள் என்பது நம்மவர் நம்பிக்கை. ஆனால் உவர்நீரில் பம்பியும் ஓடும் என்று எதிர்பார்ப்பதற்கு எந்த அம்மனும் பொறுப்பேற்கமாட்டாள்.

பழுதை எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த இளைஞர் செய்ததைப் பார்த்தே எழுதுகிறேன்; ஊரில் குழாய் வேலை செய்யும் எவருக்கும் இது தெரியும். பொத்தானை அழுத்திக் காதைக் கொடுக்கவேண்டும். பம்பி சத்தம் போடுகிறது, தண்ணீர் வரவில்லை என்றால் அடைப்பு. வடிகட்டியையும் முனைத்துளையையும் பார்க்கவேண்டும். சத்தமே இல்லை என்றால் பியூஸ், பற்றரி, அல்லது பச்சைப் பூத்துப்போன மின்முனை. பம்பியில்லாத, மேலிருந்து தானாக வடியும் வகையென்றால் இன்னும் எளிது: தொட்டி நிரம்ப நேரமெடுத்தால் உள்வரும் வழியில் அடைப்பு, நிரம்பிய பின்னும் நில்லாமல் ஓடினால் மிதவை வால்வின் வாசரில் சுண்ணம் இருந்துகொண்டு அதை மூடவிடாமல் தடுக்கிறது. சில்லறைக் காசுக்கு வாங்கும் ஒரு வாசருக்காக ஒரு பவுசர் தண்ணீர் நிலத்தில் வடிந்துபோவதை நம்மவர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சுத்தம் செய்வதற்கு விண்வெளி விஞ்ஞானம் தேவையில்லை. தாங்கியை முழுதாக வடியவிட்டு, அடியில் தங்கிய சேற்றைக் கையாலும் துணியாலும் எடுத்த பின், விநாகிரி கலந்த நீரை ஊற்றிக் குழாய்வழியே ஓடவிட்டு, ஓரிரவு அப்படியே விடவேண்டும். அமிலம் சுண்ணத்தைத் தின்னும். நுரைப்பது நின்றால் வேலை முடிந்தது என்று பொருள். கழற்றக்கூடிய சிறு பாகங்களுக்குத் தேசிக்காய்ச் சாறே போதும். பின்னர் நல்ல தண்ணீரால் இருமுறை கழுவி, குழாயில் எஞ்சிய நீரையும் வெளியேற்றி, மூடியைத் திறந்து காயவிடவேண்டும். பாசிக்கு வெளிற்றும் தூள் வேண்டுமானால் அதைத் தனியாக, வேறொரு நாளில், அமிலத்தின் சுவடே இல்லாமல் கழுவிய பின்னரே இடவேண்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கடையில் விற்கும் அமிலத்தையும் வெளிற்றும் தூளையும் ஒன்றாகக் கலந்தால் எழுவது குளோரீன் வாயு. மூடிய சிறு அறைக்குள் குனிந்து நின்று தேய்க்கும் ஒருவரின் நுரையீரலை அது கருக்கிவிடும். 'இரண்டையும் போட்டால் இரண்டு மடங்கு சுத்தம்' என்று நினைப்பவர்கள் நம்மிடையே ஏராளம்.

இறப்பர் வளையங்களுக்கு வாசலீனோ இயந்திர எண்ணெயோ பூசுவதும் அப்படியானதொரு பழக்கம். அவை இறப்பரை ஊதவைத்துப் பழுதாக்கும். சிலிக்கன் எண்ணெயே ஏற்றது. ஜேர்மனியில் காரவன் வைத்திருக்கும் என் நண்பர் ஒருவர் இதையெல்லாம் ஆண்டுக்கு இருமுறை, ஒரு சடங்குபோலச் செய்வார். அவர் ஊரில் இருந்த காலத்தில் கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட்டதில்லை என்பது வேறு விடயம். அங்கே வண்டி அவருடையது. இங்கே வண்டி எல்லோருடையது. ஆகவே எவருடையதும் அன்று.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். இந்த வண்டிகளை வாங்குவோரும் அன்பளிப்புச் செய்வோரும், நாடா வெட்டுவோரும், பொத்தானை அழுத்தினால் தண்ணீர் பாயும் 'நவீன' வகையையே விரும்புகின்றனர். புகைப்படத்துக்கு அது அழகாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியிலிருந்து பாயும் வகைக்கு ஒருமுறைக்கு ஆறு லீற்றராவது வேண்டும். பழைய தொட்டிகளுக்கு ஒன்பதும் போதாது. கையால் வாளியில் ஊற்றும் நீரடைப்புக் கோப்பைக்கு இரண்டு மூன்று லீற்றர் போதும். 500 லீற்றர்த் தாங்கி முதல் வகையில் எண்பத்துமூன்று பேருக்கு; இரண்டாவது வகையில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு. வாளியில் வால்வு இல்லை, வாசர் இல்லை, பியூஸ் இல்லை. சுண்ணம் படிந்தாலும் வாளி வாளிதான். பழுதே ஆகாத இயந்திரம் ஒன்று நம் வீடுகளில் தலைமுறைகளாக இருக்க, உப்புநீரில் மூன்று மாதத்தில் சிறைப்பட்டுப்போகும் பொத்தானை எதற்காகப் பிடித்துத் தொங்குகிறோம்?

முதியோருக்கும் காலிழந்தோருக்கும் வாளி தூக்குவதும் குந்துவதும் கடினமன்றோ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதிலும் போர் ஓய்ந்த வன்னியில், கையோ காலோ இல்லாத ஒருவரேனும் இல்லாத ஊர் அரிது. ஒவ்வொரு வண்டியிலும் ஓர் அறை இருக்கையோடும் பிடிகம்பியோடும் சாய்தளத்தோடும் கைக்கெட்டும் குழாயோடும் இருக்கவே வேண்டும். அந்த ஓர் அறையின் பம்பியைப் பேணுவது ஆறு அறைகளின் பம்பிகளைப் பேணுவதைவிட எளிது.

வன்னி மக்களுக்கு ஊர்தியே வீடாக இருந்த காலமும் உண்டு என்பதை இந்த இடத்தில் நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 2008இலும் 2009இன் தொடக்கத்திலும் மன்னார்க் கரையிலிருந்து கிளிநொச்சி ஊடாக முல்லைத்தீவுக் கரைவரை நகர்ந்த குடும்பங்களில் வசதி பெற்றவை என்பன உழவு இயந்திரப் பெட்டிக்கு மேலே தறப்பாள் கட்டி, அதற்குள் பாயையும் பானையையும் ஏற்றியவை. மழைக்கு ஒதுங்கியதும் பிள்ளை உறங்கியதும் அதற்குள்ளேதான். அந்த 'மோட்டார் வீடுகளில்' மலசலகூடம் இருக்கவில்லை. போகுமிடமெல்லாம் குழி வெட்டினார்கள். கடைசியில் வெட்டுவதற்கு இடமும் இருக்கவில்லை. கிளிநொச்சி நகரின் பெரிய நீர்த்தாங்கியோ 2008இன் இறுதியில் தகர்க்கப்பட்டு வீதியோரம் சாய்ந்து கிடந்தது. பின்னர் அதனைப் பார்க்கத் தெற்கிலிருந்து பேருந்துகளில் வந்து இறங்கினர். தண்ணீர்த் தாங்கியொன்று காட்சிப்பொருளான ஊர் உலகில் எத்தனை இருக்கும்?

அதன் பின் செட்டிகுளம் மெனிக் பாம். 2009இல் அங்கே இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்தனர். அனர்த்த காலங்களில் உதவி நிறுவனங்கள் பின்பற்றும் குறைந்தபட்ச நியமம், இருபது பேருக்கு ஒரு மலசலகூடம். ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினைந்து லீற்றர் தண்ணீர். இரண்டு இலட்சம் பேருக்கு அதன் கணக்கு பத்தாயிரம் மலசலகூடங்கள், முப்பது இலட்சம் லீற்றர். எந்த நகரசபையும் சில வாரங்களில் கட்டியெழுப்பக்கூடிய அளவன்று இது. ஆகஸ்ட் மாத நடுப்பகுதியில் ஒரு மழை பெய்தது. பெரும்போக மாரிகூட அல்ல, இடைக்கால மழை. குழிகள் நிரம்பி வழிந்து கூடாரங்களுக்கிடையே ஓடின. மலசலகூடம் கட்டுவது ஒரு வேலை, அதை வெறுமையாக்குவது இன்னொரு வேலை, இரண்டாவதற்கு எவரும் நிதி ஒதுக்குவதில்லை என்ற பாடத்தை அந்த மழை கற்பித்தது. 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. பாடமும் அதோடு மூடப்பட்டதோ என்று ஐயுறுகிறேன்.

ஊர்திக்குள் மலசலகூடம் என்றால் தொடருந்தையும் சேர்க்கவேண்டும். 1990இல் நின்றுபோன வடபகுதிச் சேவை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சியை வந்தடைந்தபோது மாலை போட்டு வரவேற்றோம். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் அடைந்தது. தண்டவாளம் புதியது, நிலையங்கள் புதியவை. ஆனால் நம் தொடருந்துகளில் கழிவு, குழாய்வழியே தண்டவாளத்தில் விழும் பழைய முறை விடைபெறவில்லை. நிலையத்தில் நிற்கும்போது பயன்படுத்தாதீர்கள் என்பதே நம் சுகாதாரக் கொள்கையின் உச்சம்.

இந்தியாவில் இதே நிலை நீண்டகாலம் இருந்தது. 1909இல் ஒகில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, இயற்கைக் கடனுக்காக இறங்கி வண்டியைத் தவறவிட்டு, மனம் நொந்து எழுதிய முறைப்பாட்டுக் கடிதம் டில்லி இரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் சிரிக்கவைக்கிறது. கீழ்வகுப்புப் பெட்டிகளுக்குக் கழிவறை கிடைத்ததற்கு அதுவே காரணமென்றும் சொல்வர். நூறாண்டுக்குப் பின்னர், பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் தாங்கிகளை இந்திய இரயில்வே இரண்டு இலட்சத்துக்கும் அதிகமாகப் பொருத்தியது. அதுவும் சிக்கலின்றி நடந்துவிடவில்லை. 2017இல் அந்நாட்டுக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை அத்தாங்கிகளில் ஏராளமான அடைப்புகளைச் சுட்டிக்காட்டியது. போத்தல், துணி, பிளாஸ்ரிக் பை என்று பயணிகள் போடாத பொருளில்லை. அங்கும் கடைசியில் பதில், கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு குப்பைக்கூடையும், அதை எடுக்க ஒருவரும் என்பதாகவே இருந்தது.

இதெல்லாம் யாருக்கு அவசரம்? ஆண்களுக்கல்ல. ஏ-9 வீதியில் எந்தக் காடும் அவர்களுக்குப் போதும். 2002 முதல் 2006 வரை ஓமந்தையில் மணிக்கணக்கில் வரிசையில் நின்றபோதும் அவர்கள் பற்றைகளை நாடினர். பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றனர். இன்றும் இரவுப் பேருந்தில் கொழும்புக்குப் புறப்படும் பெண்கள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். திருவிழாவுக்குப் போகும் பெண்களும் அப்படியே. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பதிவாகும் மாவட்டங்களுள் வவுனியாவும் ஒன்று. அந்நோய்க்கும் தண்ணீரை அடக்கும் பழக்கத்துக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் முப்பத்தைந்து பாகை வெயிலில் தாகத்தை அடக்கி நிற்பதைச் சிறுநீரகத்துக்கு நல்லதென்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். ஒரு மிதவை வால்வில் படிந்த பொருக்கு, ஒரு பெண் அன்று எத்தனை குவளை தண்ணீர் குடிப்பாள் என்பதைத் தீர்மானிக்கிறது.

பேசத் தயங்கும் இன்னொரு விடயமும் உண்டு. இந்த வண்டியைக் கழுவுவது யார்? வாளிக் கக்கூஸ் காலத்தில் நம் சமூகம் அந்த வேலையைச் சிலரின் தலையில் பிறப்பின் பெயரால் ஏற்றிவைத்தது. வாளி போய்விட்டது, எண்ணம் முற்றாகப் போகவில்லை. திருவிழா நாளுக்கென்று நாட்கூலிக்கு அழைத்துவரப்படும் தொழிலாளியிடம் ஒரு தும்புத்தடியும் ஒரு போத்தல் அமிலமும் கொடுக்கிறார்கள். கையுறை இல்லை, சப்பாத்து இல்லை. கழிவுத் தாங்கி அடைத்தால் அவரே உள்ளே கைவிடவேண்டும். தாங்கிக்குள் ஆளை இறக்குவதென்பது கொலைக்குச் சமம். அதில் தேங்கும் வாயு நொடியில் மயக்கமுறச் செய்யும். கலி பவுசரின் குழாய் நுழையக்கூடிய அகன்ற வாயும், வெளியிலிருந்தே கழுவிவிடக்கூடிய துவாரமும் இல்லாத வண்டியை எந்தச் சபையும் இலவசமாகக் கிடைத்தாலும் ஏற்கக்கூடாது. புலம்பெயர் சங்கங்கள் அன்பளிப்புக்கு முன்னர் இதைக் கேட்கவேண்டும். வண்டிக்குச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை, அதைப் பேணும் ஒருவரின் சம்பளத்துக்கென்று ஒதுக்கிவைக்கவும் வேண்டும். வண்டியின் பக்கவாட்டில் சங்கத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை. பழுதானால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சபைகள் செய்யக்கூடியதும் பெரிதன்று. கிணற்றுநீரை நிரப்பாமல், கிடைக்குமிடத்தில் மழைநீரையோ குளத்துநீரையோ வடித்து நிரப்பலாம்; மேற்பரப்பு நீரின் வன்மை பெரும்பாலும் குறைவு. தாங்கியின் வாயில் நுண்வலை ஒன்றைக் கட்டலாம். தாங்கிக்கு மேல் நிழலுக்கு ஒரு கிடுகு போடலாம். ஒவ்வொரு வண்டியோடும் ஒரு ரின்னில் வாசர், பியூஸ், வடிகட்டி, ஒரு குறடு என்பவற்றை வைத்துச் சாவியைப் பொறுப்பானவரிடம் கொடுக்கலாம். ஏலவே உள்ள பொத்தான் வண்டிகளின் அறைகளுக்குள் இன்றே ஒரு வாளியையும் குவளையையும் வைக்கலாம்.

வைகாசிப் பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணவேண்டாம். முற்றத்தில் நிற்கும் அந்த வண்டியின் தாங்கியில் போன தடவை விட்ட தண்ணீர் இப்போதும் வற்றிக்கொண்டிருக்கிறது. அடிக்குழாயின் மூடியைத் திறந்து அதை வடியவிடுவதற்கு ஒரு குறடும் பத்து நிமிடமும் போதும்.